இருவர் மடலும் மூவர் படகும்

போர்க்காலத்து மடல்களுட் பெரும்பாலானவை படையின் எண்ணிக்கையையும் உணவின் குறைபாட்டையும் பேசி முடிந்துவிடும். ஒரு சிலவோ எழுதியவரின் நெஞ்சைத் திறந்து காட்டிவிடும். அவர் காட்ட விரும்பாத மூலை முடுக்குகளையும் சேர்த்தே காட்டிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ஆம் ஆண்டின் முதற் கிழமைகளில், மாசசூசெட்சு மாநில ஆளுநர் சான் ஆண்ட்ரூவுக்கும், அம்மாநிலத்துப் படையை நடத்திச் சென்ற படைத்தலைவர் பெஞ்சமின் பட்லருக்கும் இடையே நடந்த மடற்போக்குவரவு இத்தகையது. ஒரு மடல் நான்கு வரியில் அடங்கும் கண்டனம்; அதற்கு வந்த மறுமொழியோ நீண்டதொரு வழக்குரை. இரண்டையும் படித்து முடிப்பவன் இருவருள் எவர் வென்றார் என்று கேட்பது இயல்பே. ஆயின், அவ்விரு மடல்களும் யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்களை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது அடுத்துத்தான் புலப்படும்.

ஆளுநர் என்றவுடன், நடுவணரசு அமர்த்தி மாளிகையில் இருத்தும் ஒருவரை எண்ணிக்கொள்ள வேண்டா. அமெரிக்க மாநிலங்களின் ஆளுநர் மக்களின் ஒப்போலை பெற்று வருபவர். மாநில ஆட்சியின் தலைவர் அவரே. மாநிலத்துக் குடிப்படைக்குத் தலைவரும் அவரே. குடியரசுத் தலைவர் இலிங்கன் 1861 ஏப்பிரல் 15-இல் 75,000 குடிப்படையினரைக் கேட்டபோது, அவ்வழைப்பு ஆளுநர்களுக்கே சென்றது. படையைத் திரட்டியவர்கள் அவர்கள். தலைவர்களை அமர்த்தியவர்களும் அவர்கள். ஆகவே ஆண்ட்ரூ பட்லருக்கு எழுதியது வெறும் அறிவுரையன்று. படையை ஈன்று அனுப்பிய மாநிலம் அப்படையின் செயலுக்குக் கணக்குக் கேட்டது என்க.

இருவரும் வழக்கறிஞர்கள். ஒற்றுமை அம்மட்டே. ஆண்ட்ரூ அடிமை ஒழிப்பில் ஊறியவர், குடியரசுக் கட்சியினர், 1859-இல் சான் பிரவுன் அடிமைகளை எழுப்ப முயன்று பிடிபட்டபோது, அவருக்காக வழக்காட ஆளும் பொருளும் திரட்டித் தந்தவர். பட்லரோ குடியாட்சிக் கட்சியினர். 1860-இல் சார்லசுடன் நகரில் கூடிய அக்கட்சியின் மாநாட்டில், செஃபர்சன் தேவிசைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்க ஐம்பதுக்கு மேற்பட்ட முறை ஒப்போலை அளித்தவர். அடுத்த ஆண்டே அந்தத் தேவிசு பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவராகிவிட்டார். பட்லர் அவரை எதிர்த்துப் படைநடத்தப் புறப்பட்டார். இவரைத் தெரிந்தே ஆண்ட்ரூ தலைமைக்கு அமர்த்தினார். கட்சி வேறுபாட்டை ஒதுக்கி எல்லாரையும் ஒன்றியத்தின் பக்கம் நிறுத்தவேண்டிய நேரம் அது.

ஏப்பிரல் 19-இல் மாசசூசெட்சின் ஆறாம் படைப்பிரிவு பால்டிமோர் நகரின் தெருக்களைக் கடந்தபொழுது, தெற்கின் சார்பினர் கல்லெறிந்து தாக்கினர். படைஞர் நால்வரும் நகரத்தார் பன்னிருவரும் மாண்டனர். இறந்த தம் மக்களின் உடல்களைப் பனிக்கட்டியில் வைத்துக் கனிவுடன் அனுப்பிவைக்குமாறு ஆண்ட்ரூ அந்நகரத் தலைவருக்குத் தொலைவரி விடுத்தார். நகரின் வடக்கே இருந்த இருப்புப்பாதைப் பாலங்கள் எரிக்கப்பட்டன. தலைநகர் வாசிங்டன் துணையின்றித் தனித்து நின்றது. அடுத்து வந்த பட்லர் பால்டிமோரைத் தவிர்த்தார். எட்டாம் படைப்பிரிவுடன் சசுகுவகன்னா ஆற்றின் கரையில் ஒரு நீராவிக் கப்பலைக் கைப்பற்றி, செசபீக் வளைகுடா வழியே மேரிலாந்தின் தலைநகரான அன்னாபொலிசை அடைந்தார்.

மேரிலாந்து ஒன்றியத்தை விட்டுப் பிரியவில்லை. ஆயின் அடிமை முறையை விடவுமில்லை. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு ஏறத்தாழ 87,000 அடிமைகள் இருந்தனர். உரிமை பெற்று வாழ்ந்த கறுப்பினத்தாரும் ஏறத்தாழ 84,000 பேர். அதன் ஆளுநர் தாமசு இக்சு இரு தரப்பாருக்கும் அஞ்சியவர். படையை அன்னாபொலிசில் இறக்க வேண்டா என்று பட்லருக்கு எழுதினார். வேறிடம் அனுப்புங்கள் என்று இலிங்கனுக்கு எழுதினார். ஆங்கில நாட்டுத் தூதுவரை நடுவராக்கிச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் அம்மடலிலேயே ஓர் ஏற்பாடு சொன்னார். தம் நாட்டு உட்பூசலுக்கு அயல்நாட்டு அரசியின் தூதுவரை நடுவராக அழைக்கும் ஓர் ஆளுநரைப் பார்த்து வாசிங்டனில் எவர் நகைத்தாரோ, எவர் சினந்தாரோ! ஏற்பாடு மறுக்கப்பட்டது.

இக்சுக்குப் பட்லர் விடுத்த மறுமொழியில் ஓரிடம் கருதத்தக்கது. இக்சு அப்படையை 'வடக்கத்திப் படை' என்று குறித்திருந்தார். பட்லர் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டார். இவர்கள் வடக்கத்தியார் அல்லர். ஒன்றியம் முழுமைக்கும் உரிய குடிப்படையின் ஒரு பகுதியினர். குடியரசுத் தலைவரின் அழைப்புக்கு இணங்கி வந்தவர்கள். ஆகவே அப்பெயர் பொருந்தாது என்று பணிவு குன்றாமல் திருத்தினார். பெயரிடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, வழக்கின் பாதி அவரிடம் போய்விடும் என்பதை நீதிமன்றம் பல கண்ட அவ்வழக்கறிஞர் நன்கறிவார். இந்தச் சொற்கூர்மையை மறவாது வைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு திங்களுக்குப் பின் இது மீண்டும் வெளிப்படும்.

அன்னாபொலிசிலிருந்து செல்லும் இருப்புப்பாதையைப் படை கைக்கொண்டதற்கும் இக்சு மறுப்பெழுதினார். மாநிலச் சட்டமன்றம் கூட உறுப்பினர் வந்துசேர இயலாதே என்றார். பட்லரின் விடை நயமானது: என் படை அப்பாதையிற் சென்றால் பாதையையே அழித்துவிடுவதாக அச்சுறுத்தல் வந்தது, ஆகவே அதைக் காக்கும் பொருட்டே கைக்கொண்டேன்! உடைத்துப் போட்டிருந்த வண்டிப்பொறி ஒன்றைப் படைஞருள்ளேயே இருந்த தொழிலாளி ஒருவர் செப்பனிட்டு ஓடச் செய்தார். ஏப்பிரல் 25-இல் முதற் படைப்பிரிவு வாசிங்டனை அடைந்தது. தலைநகர் தப்பியது. இந்த அளவில் பட்லரின் செயலில் குறைசொல்ல ஏதுமில்லை.

குறை ஏப்பிரல் 23-ஆம் நாள் எழுதிய இன்னொரு மடலில் இருந்தது. அன்னாபொலிசைச் சுற்றியுள்ள கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழப் போவதாக ஊரில் ஓர் அச்சம் பரவியது. அச்செய்தி செவிப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் பட்லர் இக்சுக்கு எழுதினார்: இம்மாநிலத்தின் சட்டங்களில் தலையிட என் படை வரவில்லை, அச்சட்டங்களுக்கு எதிரான எந்தக் கிளர்ச்சியையும் விரைந்து ஒடுக்கத் தங்களுடன் ஒத்துழைக்க அணியமாக இருக்கிறேன். இக்சு நன்றி கூறினார். எங்கள் மக்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். கிளர்ச்சி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு படைஞனும் தன் கருவியைத் தூக்கவில்லை. ஆயின் மடல் எழுதப்பட்டுவிட்டது.

நான்கு நாள்களுக்கு முன் அடிமை முறையின் சார்பினரால் பால்டிமோர்த் தெருவில் கொல்லப்பட்டவர்கள் மாசசூசெட்சு மக்கள். அவர்களின் உடன்பிறப்புகளைக் கொண்டே அடிமை முறைக்குக் காவல் நிற்பதாக அவர்களின் தலைவர் வாக்களிக்கிறார்! தொலைவரியில் இச்செய்தி பாசுடன் நகரை எட்டியதும், ஏப்பிரல் 25-இல் ஆண்ட்ரூ எழுதினார். இக்சுக்கு அவ்வுதவியைத் தர முன்வந்தது தேவையற்றது. விரிவான செய்தி வந்தபின் கருத்தை மாற்றிக்கொள்ள இடமுண்டானால் மகிழ்வேன். ஆனால் ஒன்றியத்தை எதிர்த்துக் கருவியேந்தி நிற்கும் ஒரு மக்களிடையே அடிமைகள் கிளர்ந்தெழுவார்களாயின், அதை நம் படை அரசியற் கண்கொண்டு பார்த்தல் ஆகாது. போர்க்கண்கொண்டே பார்த்தல் வேண்டும். அஃது எதிரியினிடத்து உள்ள பிறவி மெலிவு. அம்மெலிவிலிருந்து எதிரியைக் காத்து, அவன் கவலையின்றி நம்மைத் தாக்க வழிசெய்து கொடுக்கும் கடமை நமக்கு இல்லை. அவர் மடலின் சாரம் இது.

பட்லர் மே 9-ஆம் நாள் விடையெழுதினார். அவ்விடை இரண்டு கூறாக நிற்கின்றது. முதற் கூறு செய்தி பற்றியது: மேரிலாந்து பிரிந்த மாநிலமன்று, அதன் ஆளுநர் ஒன்றியத்துக்கு எதிராகக் கருவியேந்தியவரும் அல்லர், அதன் சட்டங்களில் தலையிடேன் என்று நானே சொல் கொடுத்திருந்தேன். இந்த மட்டும் பட்லர் சொன்னது மெய்யே. ஆண்ட்ரூ மேரிலாந்தாரை ஒட்டுமொத்தமாகப் பகைவர் என்று எழுதியது சினத்தின் விளைவு. அன்று பட்லர் காட்டிய பொறுமை அம்மாநிலத்தை ஒன்றியத்திற்குள் நிறுத்திவைக்க ஓரளவு உதவிற்று என்று கூறுவாருடன் வழக்காட வேண்டுவதில்லை.

இரண்டாம் கூறு அறம் பேசுகிறது; அங்கேதான் அறம் தவறுகிறது. அடிமைகள் எதிரியின் மெலிவு என்கிறீர்கள். அம்மெலிவை நாம் எப்படிப் பயன்படுத்துவது? அவர்களை எழவிட்டு, ஆதரவற்ற பெண்டிர்மேலும் குழந்தைகள்மேலும் பாயவிட்டா? கொள்ளையும் தீவைப்பும் கொலையுமாகச் சான் டொமிங்கோவின் கொடுமைகளைப் பன்மடங்கு பெருக்கிப் பார்க்கவா? விலங்காண்டிகளினும் கீழான நாற்பது நூறாயிரம் பேரைத் தெற்கின் இல்லங்கள்மேல் அவிழ்த்துவிட்டு, மாசசூசெட்சின் கிறித்தவ மக்கள் முன் எப்படித் தலைநிமிர்வது? இவ்வாறு அடுக்கிக்கொண்டே போகிறார்.

சொல்வன்மைக்குக் குறைவில்லை. ஆயின் இவ்வளவு அறச்சொற்களும் யாருக்காக உருகுகின்றன என்று பார்க்கவேண்டும். ஆண்டையின் மனைவி மக்களுக்கு வரக்கூடும் என்று அஞ்சப்பட்ட துன்பம் அவர் கண்முன் நிற்கிறது. அடிமையின் மனைவி மக்கள் அந்நாளும் அதற்கு முந்தைய இருநூற்று நாற்பது ஆண்டுகளும் சந்தைகளில் பிரித்து விற்கப்பட்டு வந்த துன்பம் அம்மடலில் ஒரு வரியும் பெறவில்லை. வரக்கூடிய கொடுமை பெரிதாயிற்று. நடந்துகொண்டிருந்த கொடுமை சட்டமாயிற்று. சான் டொமிங்கோ என்று அவர் பூச்சாண்டி காட்டியதும் 1791-இல் எழுந்து 1804-இல் எயிட்டி என்னும் விடுதலை நாட்டை அமைத்த அடிமைகளின் எழுச்சியையே. அதில் குருதி ஓடியது உண்மை. அக்குருதிக்கு முன் கரும்புத் தோட்டங்களில் ஓடிய குருதியை அஞ்சி எவரும் எந்தப் படைத்தலைவருக்கும் மடலெழுதியதில்லை.

இதனால் ஆண்ட்ரூவின் மடல் மாசற்றது என்று ஆகிவிடாது. அடிமை ஒழிப்புக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். ஆயினும் அம்மடலில் அடிமையின் உரிமை என்றொரு சொல் இல்லை. எதிரியின் கோட்டைச் சுவரில் ஒரு வெடிப்பு இருப்பதுபோல, எதிரியின் நாட்டில் அடிமைகள் இருக்கின்றனர்; வெடிப்பை நாம் ஏன் பூசிக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் வினா. போர்க்கால ஆளுநர் ஒருவர் ஆட்சிமுறை மடலில் இதற்குமேல் எழுதியிருக்க இயலாது என்று கூறலாம். கூறினும், பட்லருக்கு அவர்கள் தீ. ஆண்ட்ரூவுக்கு அவர்கள் வெடிப்பு. மாந்தராக அவர்கள் எந்த மடலிலும் வரவில்லை. ஆண்ட்ரூ காட்டிய வழி விடுதலைக்கு அணித்தாகச் செல்வது. பட்லர் காட்டியது ஆண்டையின் வாயிலுக்குச் செல்வது. வேறுபாடு பெரிதே.

மறுமொழி எழுதிய இரண்டு கிழமைக்குள் பட்லர் வர்சீனியா மாநிலக் கரையிலுள்ள மன்றோ கோட்டைக்கு மாற்றப்பட்டார். மேலிடத்தின் இசைவின்றிப் பால்டிமோரைக் கைக்கொண்டதற்காக முதிய படைத்தலைவர் இசுகாட்டு அவரைப் பெயர்த்தார். இலிங்கன் அவருக்கு உயர்நிலை கொடுத்துப் புண்ணை ஆற்றினார். மே 22-இல் அவர் அங்குச் சேர்ந்தார். 1619-இல் ஆங்கிலேயரின் வர்சீனியாவுக்குக் கடத்திக் கொணரப்பட்ட முதல் ஆப்பிரிக்கர் இருபதின்மரும் சிலரும் கரையிறங்கியது அக்கோட்டை நிற்கும் நிலமுனையிலேதான்.

மே 23-ஆம் நாள் இரவு மூன்று கறுப்பினத்தார் ஒரு சிறு படகில் நீரைக் கடந்து அக்கோட்டையை அடைந்தனர். பிராங்கு பேக்கர், சேம்சு டவுன்சென்டு, செப்பர்டு மலோரி என்பன அவர்களின் பெயர்கள். எதிர்ப்படையின் தலைவருள் ஒருவனாகிய மலோரி என்பவனின் அடிமைகள் அவர்கள். எதிர்க்கரையில் ஒன்றியப் படையை எதிர்த்து அரண் கட்டும் வேலைக்கு விடப்பட்டிருந்தவர்கள். மேலும் தெற்கே கொண்டுபோகப்படுவோம் என்று அறிந்து, மனைவி மக்களைப் பிரிய மனமின்றி, உயிருக்குத் துணிந்து வந்தனர். விலங்காண்டிகளினும் கீழானவர்கள் என்று பதினான்கு நாள்களுக்கு முன் எழுதிய கை, இப்பொழுது அவர்களை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டது. தீவைக்க வந்தவர்கள் அல்லர். கொலைசெய்ய வந்தவர்கள் அல்லர். வேலை செய்யக் கை கொண்டுவந்தவர்கள்.

மறுநாள் வெள்ளைக் கொடியுடன் எதிர்ப்படையின் தூதுவன் கேரி வந்தான். ஓடிய அடிமைகளைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் இருக்கிறதே, கொடுங்கள் என்றான். அச்சட்டம் ஒன்றியத்தின் சட்டம். வர்சீனியாவோ தான் ஒன்றியத்தில் இல்லை என்கிறது. அயல்நாட்டுக்கு அச்சட்டம் செல்லாது என்றார் பட்லர். முதல்நாள்தான் வர்சீனியா மக்களின் ஒப்போலை பிரிவினையை உறுதிசெய்திருந்தது! ஆண்டை வந்து ஒன்றியத்துக்கு உறுதிமொழி எடுத்துக்கொண்டால் திருப்பித் தரலாம் என்றும் சொல்லிவைத்தார். எடுப்பானா அவன்?

சொற்கூர்மை இங்கு மீண்டும் வேலை செய்தது. அடிமைகள் உடைமை என்பது உங்கள் சட்டம். போருக்குப் பயன்படும் எதிரியின் உடைமையைக் கைப்பற்றலாம் என்பது போர்முறை. ஆகவே இவர்கள் கைப்பற்றப்பட்ட போர்ப்பொருள். 'கான்ட்ராபேண்டு' என்னும் அச்சொல் செய்தித்தாள்களில் பரவி, ஓடிவந்த கறுப்பின மக்கள் அனைவருக்கும் பெயராகவே நிலைத்துவிட்டது. கரவாகக் கொணரும் தடைப்பொருள் என்பது அதன் பொருள். ஆண்டையின் சட்டத்தைக் கொண்டே ஆண்டையின் கையை வெட்டிய திறம் அது. பட்லர் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய செயலும் அதுவே. ஆயினும், தம் படையை 'வடக்கத்தி' என்று ஒருவர் அழைத்தது தகாது என்று சொல்லுக்குச் சொல் திருத்திய அவர், உயிரும் பெயரும் உடைய மாந்தரைச் சரக்கின் பெயரால் அழைக்கலானார். கதவு திறந்தது மெய். திறந்த கதவின்மேல் எழுதியிருந்த பெயர் இழிவானது என்பதும் மெய்.

கதவு திறந்த செய்தி சொல்லாமலே பரவியது. இருவர், எண்மர், குடும்பம் குடும்பமாக வந்தனர். சூலை 30-ஆம் நாள் பட்லர் போரமைச்சர் கேமரானுக்கு எழுதிய மடலில் கணக்கு நிற்கிறது: 900 பேர், அவருள் உழைக்கவல்ல ஆடவர் 300, உழைப்பின் அகவை கடந்த ஆடவர் 30, பெண்டிர் 175, பத்து அகவைக்குட்பட்ட குழந்தைகள் 225, பத்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர் 170. இனி அவர் கேட்கிறார்: அரண் கட்டிய ஆடவனைப் போர்ப்பொருள் என்றோம், கைக்குழந்தையை எப்படி அங்ஙனம் சொல்வது? இவர்கள் அடிமைகளா, உரிமையுடையவர்களா? உடைமை என்றே வைத்துக்கொண்டாலும், உடையவன் கைவிட்டு ஓடிய உடைமை. நாங்களோ அவர்களை உடைமையாகக் கொள்ளப் போவதில்லை. அப்படியாயின் உடைமை என்னும் தன்மையே அற்றுப்போய் அவர்கள் மாந்தராகிவிடவில்லையா?

மே 9-இல் எழுதிய மடலையும் சூலை 30-இல் எழுதிய மடலையும் ஒரே கை எழுதியது என்பதை நம்புவது அரிது. இடையிலிருந்தவை எண்பத்திரண்டு நாள்கள். ஆண்ட்ரூவின் கண்டனம் அவரை அசைத்ததாக அவரது மறுமொழியில் அறிகுறியே இல்லை. இரவில் துடுப்பு வலித்து வந்த மூவரும், அவர்கள் பின்னே குழந்தைகளைச் சுமந்து வந்த நூற்றுக்கணக்கானவரும் அசைத்தனர். அவர் எழுதிய வினாவுக்கு ஆகசுட்டு 6-இல் நிறைவேறிய சட்டம் அரைவிடை தந்தது: எதிரியின் போர்வேலையில் ஈடுபடுத்தப்பட்ட அடிமையின்மேல் ஆண்டைக்கு உரிமை இல்லை என்றது. முழு விடைக்கு இன்னும் சில ஆண்டுகளும் பல்லாயிரம் உயிர்களும் வேண்டியிருந்தன.

மனம் ஒரே நாளில் திரும்பிவிடுவதில்லை என்பதற்கும் பட்லரே சான்று. 1862-இல் நியூ ஆர்லியன்சு நகரைக் கைக்கொண்டு ஆண்டபோது, கறுப்பினத்தாருக்குக் கருவி கொடுக்க முனைந்த தம் துணைத்தலைவர் பெல்ப்சைத் தடுத்தார். மரம் வெட்ட விடு என்றார். அடிமைகளை வேலைவாங்கும் கங்காணி நானல்லேன் என்று பெல்ப்சு பொறுப்பைத் துறந்தார். படைஞர் பற்றாக்குறை நெருக்கியதும், செபுதம்பர் 27-இல் பட்லரே கறுப்பினப் படைப்பிரிவைப் பதிவு செய்தார். இதற்கிடையில் அவருக்கும் ஆண்ட்ரூவுக்கும் ஆள் திரட்டும் உரிமை யாருடையது, தலைவர்களை அமர்த்துபவர் யார் என்று 1861 இலையுதிர் காலத்தில் இன்னொரு மடற்சண்டை நடந்து வாசிங்டன் வரை சென்றது. அதில் இருபுறமும் தன்முனைப்பே மிகுதி. படிப்பார்க்குப் பயன் குறைவு.

ஆண்ட்ரூ தம் மடலில் எழுதாது விட்டதைச் செயலில் எழுதினார். 1863 சனவரியில் விடுதலை அறிவிப்பு வந்ததும் போரமைச்சின் இசைவு பெற்று, கறுப்பின மக்களைக் கொண்டு மாசசூசெட்சின் 54-ஆம் படைப்பிரிவைத் திரட்டினார். மே 28-இல் அது பாசுடனிலிருந்து புறப்பட்டது. சூலை 18-இல் வாக்னர் கோட்டையின் மணல்மேட்டில் தன் தலைவர் சாவுடன் பலரை இழந்தது. வெள்ளையருக்கு 13 டாலரும் இவர்களுக்கு அதிற் குறைத்தும் திங்கட்கூலி என்றபோது, குறைந்த கூலியை வாங்க மறுத்தே அவர்கள் போரிட்டனர். குறையும் தொகையை மாநிலமே தரும் என்று ஆண்ட்ரூ ஏற்பாடு செய்தார். அதையும் வாங்க மறுத்தனர். அவர்கள் கேட்டது பணமன்று; ஒரே தட்டில் நிறுக்கப்படுதல். 1864 சூனில் அஃது ஒப்புக்கொள்ளப்பட்டது.

மேரிலாந்து என்ன ஆயிற்று? எந்த மாநிலத்தின் சட்டத்தைக் காக்கப் பட்லர் முன்வந்தாரோ, அம்மாநிலமே 1864 நவம்பர் 1 முதல் அடிமை முறையைத் தன் அரசமைப்பால் நீக்கிற்று. அதற்கு ஒரு திங்கள் முன்பு, செபுதம்பர் 29-இல், வர்சீனியாவின் நியூ மார்க்கெட்டு மேட்டில் எதிரியின் அரணை நோக்கிக் கறுப்பினப் படைகள் விடியற்காலையில் ஏறின. அவற்றுள் ஒன்று பால்டிமோரில் திரட்டிய நான்காம் படைப்பிரிவு. கொடி தாங்கியவர்கள் அடுத்தடுத்து வீழ, பால்டிமோரைச் சேர்ந்த கிறித்தியன் பிளீட்வுட் அக்கொடியை எடுத்து உயர்த்தினார். அந்நாளின் மறத்துக்காகக் கறுப்பினப் படைஞர் பதினால்வர் நாட்டின் உயர்ந்த மறப்பதக்கம் பெற்றனர். பட்லர் தம் செலவில் தனியாகவும் ஒரு வெள்ளிப் பதக்கம் வடித்து அவர்களுக்கு அளித்தார். அன்று அப்படை முழுமைக்கும் தலைவராக நின்றவர் அவரே.